கடிகாரம் காட்டிய அறுநூறு

மார்ச் 6
எடை 91.4 கிலோ. ஆதாரம்: மருத்துவமனைத் தராசு, செருப்பைக் கழற்றிய பிறகு. என் உயரத்துக்கு 85-ஐத் தாண்டினால் தம்பிக்குக் கொடுக்க என் சிறுநீரகத்தை எடுக்க மாட்டார்களாம். ரத்தம் பொருந்திவிட்டது. வாஸிஃபுக்கும் எனக்கும் நடுவே நிற்பது இந்த ஆறரை கிலோதான். பெருநாள் முடிந்ததும் மறுபடி நிறுப்பார்கள்.

மார்ச் 10
நோன்பு திறப்பதற்கு முன் ஜிம்மில் பெண்களுக்கான நேரம். எடை தூக்கினேன். 610 கலோரி எரிந்தது என்றது கைக்கடிகாரம்.

பிறகு வாஸிஃப் வீடு. டயாலிசிஸ் செய்துகொள்பவனுக்குப் பேரீச்சம்பழம் ஆகாது, தண்ணீர்கூட அளந்துதான். என் தட்டை அவனே நிரப்புகிறான்.

"என் பங்கையும் நீயே சாப்பிடுக்கா. நான் பாத்தே வயித்த ரொப்பிக்கிறேன்."

பாகில் ஊறிய கதாயிஃப் இனிப்பு, நான்கு. மணிக்கட்டைப் பார்த்தேன். கணக்கில் இடமிருந்தது.

மார்ச் 19
கதவைத் திறந்ததும் அவன் கேட்பது, "இன்னிக்கு எவ்ளோ எரிச்சே?"

640 என்றேன். "அப்ப இன்னொண்ணு தாங்கும்" என்று வைத்தான். அவன் சிரித்து எத்தனை நாளாகிறது!

ஏப்ரல் 3
91.9. அதே தராசு. இறங்கி மறுபடி ஏறினேன். 91.9தான். ஜூனில் வாருங்கள் என்றார் மருத்துவர். திட்டியிருக்கலாம்.

ஜிம்மில் பயிற்சி தரும் ருபாவிடம் கடிகாரத்தை நீட்டினேன். என் வயதில் பாதி அவளுக்கு.

"அத்தை, இது நாடியத்தான் எண்ணும். நோன்பு, தண்ணியில்ல, மூச்சப் பிடிச்சுத் தூக்குறீங்க — நாடி எகிறத்தானே செய்யும்? நீங்க ஓடுறீங்கன்னு அது நெனச்சுக்கும். இதுல பாதிகூட இருக்காது. நடுவுல உக்காந்து அரசியல் பேசுனீங்களே, அதையும் சேத்திருக்கும்!"

முப்பது வருடம் நிருபராக இருந்து, ஒரே ஆதாரத்தை நம்பி ஒரு வரி எழுதியதில்லை. இதை மட்டும் ஏன் யாரிடமும் கேட்கவில்லை? இனிப்புக்காகவா? அவன் முகத்துக்காகவா?

ஏப்ரல் 4
வாஸிஃபிடம் சொன்னேன். "அப்ப நான்தான் கெடுத்தேனா?" என்றான். இல்லைடா என்றேன். இன்று என் தட்டை நானே போட்டுக்கொண்டேன்.

மே 20
87.3. கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, அளந்து சாப்பிடுகிறேன். வாஸிஃப் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டான். குன்றுகள் மேல் கட்டிய அம்மான் நகரில் படிக்கட்டு இல்லாத வீட்டுக்கு எங்கே போவது?

ஜூன் 12
84.6. அதே தராசு.

"உங்க பக்கம் சரி" என்றார் மருத்துவர். வாஸிஃபின் இதயம் பலவீனப்பட்டுவிட்டது. இப்போதைக்கு மயக்க மருந்து தாங்காது. ஏப்ரலில் தாங்கியிருக்குமா என்று கேட்டேன். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நாடியை எண்ணவாவது உதவட்டும் என்று கடிகாரத்தை வாஸிஃபின் ஊசி குத்தாத கையில் கட்டிவிட்டேன். சற்று நேரம் கழித்துக் காட்டினான்.

"பாருக்கா, படுத்துக்கிட்டே நூறு எரிச்சிருக்கேன்."

இனி எப்போதாவது அறுவை செய்யலாமா என்ற இதயப் பிரிவின் முடிவு நிலுவையில். ஞாயிறு மாலை சொல்வார்களாம்.