பட்டையை மட்டும் கழற்றாதே

அன்புள்ள வாண்டுவின் அப்பாவுக்கு,

நானும் வாண்டுவும் நலம். சைக்கிள்தான் நலமில்லை. போனில் பேசினால் பாதியிலேயே, நான் சொல்றதைக் கேளு என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படியுங்கள்.

இன்று மறுபடியும் பின் சக்கரம் பஞ்சர். ஒரு கையில் வாண்டு, ஒரு கையில் சைக்கிள் என்று பாலத்திலிருந்து ஓடினேன். குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் பெற்றோர்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் நிற்கிறார்கள். சாவி என்னிடம்! மேலாளரம்மா திட்டவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாவியை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுவேம்மா என்று மெதுவாகச் சொன்னார். சாவி போனால் என் வேலை போச்சு. வேலை போனால் வாண்டுவை அங்கே என் கண் முன்னால் வைத்துக்கொள்வதும் போச்சு.

நீங்கள் சொன்ன எதைத்தான் நான் செய்யவில்லை? டியூப்புக்குள் ஊற்ற ஒரு பச்சைத் திரவம் அனுப்பினீர்கள். ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். கொஞ்ச நாள் அடைத்தது. பிறகு என் துணியெல்லாம் பீய்ச்சி அடித்தது. காப்பகத்துப் பிள்ளைகளுக்கு நான் இன்றைக்கும் பச்சை டீச்சர்தான். அடுத்து தடித்த டயர் வந்தது. பாலம் ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது, பஞ்சரும் நின்றபாடில்லை. அப்புறம் காற்றே வேண்டாத கெட்டி டயர். பஞ்சர் ஆகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து, அம்மா பல்லெல்லாம் ஆடுது என்று வாண்டு அழுதாள். பழைய டயருக்கே திரும்பினேன், உங்கள் பட்டையோடு.

அந்தப் பட்டைதான் உங்களுக்கு வேதவாக்கு. எதை வேணா மாத்து, பட்டையை மட்டும் கழற்றாதே என்பீர்கள். போன விடுப்பில், வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பக் கிளம்பும் காலையில், டயருக்குள் நீங்களே வெட்டிப் பொருத்திய பிளாஸ்டிக் பட்டை. ஆணியே வந்தாலும் தாங்கும் என்றீர்கள்.

இன்று பஞ்சர் கடைக்காரர் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கினார். ஓட்டை, பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே. முள்ளும் இல்லை, கண்ணாடியும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. டயருக்குள் விரலை விட்டுத் தடவினேன். பட்டையின் நுனி கத்தி மாதிரி நிற்கிறது! அவசரத்தில் வெட்டி, முனையைத் தேய்க்காமலே மாட்டியிருக்கிறீர்கள். தடித்த டயருக்குள்ளும் இதைத்தானே மாட்டினேன்? இத்தனை நாளும் வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. கட்டுப்போட்ட விரலால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடை வாசலில் நின்றே உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்போதுதான், அன்று பட்டையை வெட்டும்போதும் ரயிலுக்கு நேரமாகிவிட்டதா என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அது ஞாபகம் வந்தது. அழுதுவிட்டேன்.

பட்டையைக் கழற்றிவிட்டேன். தூக்கிப் போடவில்லை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. இனி பார்சல் எதுவும் வேண்டாம். நீங்கள் வாருங்கள். வந்து அதன் நுனியைத் தேய்த்து, நிதானமாக மாட்டிக்கொடுங்கள். கடிகாரத்தைப் பார்க்காமல்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் பச்சை டீச்சர்