ஜீப்பில் அம்மாவின் பெயர்

ஸ்ரீராம்புரம்,
பெங்களூரு.
ஞாயிறு மத்தியானம்.

பாசமும் கோபமும் சரிபாதியாகச் சேர்த்து ஷோபா அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் சந்தின் புகழ்பெற்ற சாம்பல் பூனை, நரேஷ் மாமா போன தடவை விட்டுப்போன ஹெல்மெட்டுக்குள் மூன்று குட்டிகளை ஈன்றிருக்கிறது. தாயும் சேய்களும் நலம். தகப்பன் யார் என்று விசாரணை நடக்கிறது. உன் வீட்டுக்காரரின் ஹெல்மெட் முதன்முதலாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டதில் குடும்பத்துக்கே பெருமை.

செய்தி முடிந்தது. இனி சண்டை.

கரடி உடம்பில் மாமாவின் தலையை ஒட்டிக் குடும்ப குரூப்பில் போட்டதற்காக என்னை பிளாக் செய்துவிட்டாய். செய்துகொள். காகிதத்தை பிளாக் செய்ய முடியாது. அதனால்தான் புனேவுக்குக் கூரியர். ஆனால் அந்தக் கரடி ஏன் வந்தது என்று யோசித்தாயா? முந்தின நாள் நீ ஃபோனில் சொன்னதுதான் காரணம். டிசம்பர் லீவில் பந்திப்பூர் போகிறோம், நாம் தங்கும் இடத்து ஜீப்பில் சின்னப் பிள்ளைகளை ஏற்றமாட்டார்களாம், அதனால் நீ, மாமா, நான் மூன்று பேரும் காட்டுக்குள் போவோம், சீனுவையும் மித்ராவையும் வைத்துக்கொண்டு அம்மா அறையிலேயே இருக்கட்டும் என்றாய். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கடைசியில், "அம்மாகிட்ட இப்ப சொல்லாதடா, அங்க போய் பாத்துக்கலாம்" என்றாய் பார், அங்கேதான் கரடி பிறந்தது.

உங்களுக்கு சஃபாரி, அம்மாவுக்கு சப்பாத்தியும் டயப்பருமா? பந்திப்பூர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், பந்தியில் மட்டும் உட்காரவிடாமல் வைப்பது எந்த ஊர் நியாயம்?

அம்மா இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று புனேயிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த நாட்களில் தன் தெருவைப் பார்த்துக்கொள்ளும்படி கூட வேலை செய்யும் பாஞ்சாலி அத்தையிடம் பேசிவைத்து, பதிலுக்கு அவருக்கு ஒதுக்கிய தெருவையும் சேர்த்து இப்போதிருந்தே பெருக்குகிறாள். மேஸ்திரி கேட்டால், யானை பார்க்கப் போகிறேன் என்று கன்னடத்தில் சொல்லிச் சிரிக்கிறாளாம். காட்டுக்குள் பளிச்சென்று உடுத்தக்கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பீரோவில் இருந்த புடவை எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, இதில் எதைப் பார்த்தால் யானைக்குக் கோபம் வராது என்று கேட்டாள். யாரிடம்? என்னிடம். வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரு வாரம் கடித்திருப்பேன். அன்றைக்கு மங்கலாக இருந்த ஒரு பச்சையை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

அப்பா போன பிறகு அம்மா ஊர் பார்க்க என்று எங்கே போனாள், சொல்? உன் இரண்டு பிரசவத்துக்கும் புனே வந்தாள். அங்கேயும் ஆஸ்பத்திரியையும் உன் அடுப்படியையும்தான் சுற்றிப் பார்த்தாள்.

உன் பதில் எனக்குத் தெரியும். உன்னை நம்பிப் பிள்ளைகளை விட முடியாது என்பாய். தீபாவளிக்கு வந்தபோது சீனுவைத் துணிக்கூடைக்குள் உட்காரவைத்து, புலிக்கூண்டு என்று சந்து முழுக்கக் காட்டி, ஆளுக்கொரு மிட்டாய் வசூலித்தேன். அவனும் ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் உறுமிக்கொண்டேதான் சாப்பிட்டான். சரி, குற்றம்தான். தண்டனையை எனக்குக் கொடு. எனக்கு ஜீப், அம்மாவுக்கு அறைக்காவல் என்றால் என்ன தீர்ப்பு இது? மாமாவும்தான் ஒரு வேளை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் காடு என்ன சாய்ந்துவிடுமா? பெற்றவர் அவர்தானே?

ஆகவே நானே நடவடிக்கை எடுத்துவிட்டேன். ஜீப்பில் போகிறவர்களின் பெயரை முன்கூட்டியே கொடுக்க வேண்டுமல்லவா? நீங்கள் ரூம் போட்ட இடத்துக்கு நேற்று ஃபோன் செய்தேன். மாமாவின் குரலில், அந்த மூக்கடைத்த கம்பீரத்தோடு, உதயா என்ற பெயரை எடுத்துவிட்டு செண்பகம் என்று போடுங்கள் என்றேன். மறுபேச்சு இல்லை, போட்டுவிட்டார்கள். அம்மா முன்சீட்டில், நான் அறையில். இனி நீ தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒட்ட மனசு வரவில்லை.

ஃபோன் செய்தது நிஜம். குரலும் நன்றாகத்தான் வந்தது, அம்மா பெயரைச் சொல்கிற வரைக்கும். அங்கே வந்ததும் உடைந்து கீச்சென்று போய்விட்டது. எடுத்தவர் திட்டவில்லை, சிரித்தார். "தம்மா, அப்பங்கே ஃபோன் கொடு" என்றார். அப்பாவிடம் கொடு என்றால் நான் யாரிடம் கொடுப்பேன், அக்கா? ஃபோனை வைத்துவிட்டேன்.

அதனால் எதுவும் மாறவில்லை. நீ போட்டபடியேதான் இருக்கிறது. என்னால் முடியாது, நீதான் செய்ய வேண்டும். என் பெயரை எடுத்துவிட்டு அம்மா பெயரைப் போடு. பிள்ளைகளை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன். மித்ராவுக்கு டயப்பர் மாற்ற வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறேன், வெளியே சொல்லிவிடாதே.

மாமாவுக்கு வணக்கம், நிஜமாகவே. பிள்ளைகளுக்கு முத்தம். இதைப் பற்றி அம்மாவிடம் நான் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லும்படி வைத்துவிடாதே, அக்கா.

உன் தம்பி,
உதயா