கொடி ஏறிய ஸ்கூட்டர்

ஆடி 12, ஞாயிறு

கால் முறிந்து இரண்டு மாதம் படுத்திருந்தேன். இன்று வாசலுக்கு வந்தால், என் ஸ்கூட்டரில் தெருச் சங்கத்தின் நோட்டீஸ்: ‘கைவிடப்பட்ட வண்டி. ஒரு வாரத்தில் அகற்றப்படும்.’ மழையில் சக்கரத்தைச் சுற்றிக் கொடி ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

கொடியை அறுத்தேன். முறிந்து கூடிய காலாலேயே உதைத்தேன். ஏழாவது உதையில் வண்டி உறுமியது. சத்தம் கேட்டுச் சங்கச் செயலாளர் ஓடி வந்தார்.

“மாமி, ஆருக்கும் வேண்டாத வண்டின்னுல்லோ நெனச்சோம்! இனிமேலும் ஓட்டுவேளா?”

கேட்டது வண்டியைப் பற்றி. கண் என் ஊன்றுகோலில் இருந்தது.

“பின்னே? நாளைக்கு ஆபீஸுக்கு இதிலேதான்.”

அசடு வழிந்துகொண்டு நோட்டீஸைக் கிழிக்கப் போனார். விடவில்லை. நாளை அதோடேயே கிளம்புவேன். படிக்க வேண்டியவர்கள் துரத்திப் பிடித்துப் படிக்கட்டும்.