எத்திராஜ் மாமா காது வைத்துக் கேட்ட கடல்

நெட்டுக்குப்பம்,
18-2-1953

சிரஞ்சீவி கன்னியப்பனுக்கு அப்பா தாமோதரன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கை மலர்க்கொடி மூவரும் கங்கையம்மன் புண்ணியத்தில் நலம், கல்கத்தாவில் உன் உடம்பும் புத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் கவலை. மலர்க்கொடியைப் பெண் பார்க்கக் காசிமேட்டிலிருந்து வந்துபோனார்கள், பையன் நல்ல மாதிரிதான், வாயைத் திறந்தால் மூடத்தான் தெரியவில்லை. அது இருக்கட்டும். போன கடிதத்தில் நீ, இரண்டு மாதமாகக் கஞ்சா புகைக்கிறேன், காலேஜில் முதல் வரிசைப் பிள்ளைகள் எல்லாம் புகைக்கிறார்கள், மூளை உள்ளவனை அது கெடுக்காது, கணக்கு தானாக வந்து கண்முன் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். மலர்க்கொடி வாசித்துக் காட்டியதும் உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் தம்பி, உன் எத்திராஜ் மாமா, இதே பேச்சைத்தான் பேசினான். அவன் புயலில் போனான் என்று சொல்லி உன்னை வளர்த்தோம், அது பொய்.

அவனைப் போல மூளைக்காரன் இந்தக் குப்பத்தில் பிறந்ததில்லை. துடுப்பைத் தண்ணீரில் இறக்கி அதன் பிடியில் காதை வைப்பான், கத்தாழை மீன் கத்துவது கேட்கும், எந்தப் பக்கம், எத்தனை ஆழம் என்று சொல்வான், அங்கே வலை விழும். கஞ்சா பழகிய பிறகு இன்னும் தூரத்தில் இருப்பதும் கேட்கிறது என்றான். சொன்னபடியே மீனும் வந்தது. அதனால் யாரும் தடுக்கவில்லை, திருவொற்றியூர்க் கடையிலிருந்து முறை வைத்து வாங்கிக் கொடுத்தோம், என் முறையில் நானும் வாங்கினேன். ஒரு முட்டாள் அப்படிப் புகைத்திருந்தால் கட்டிவைத்து உதைத்திருப்போம். பிறகு அவன் மணலில் துடுப்பை ஊன்றிக் கேட்கத் தொடங்கினான். மீனை விட்டுவிட்டு, கடலில் செத்துப்போனவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான், அவன் பிறப்பதற்கு முன்பே போனவர்கள் பெயரைக்கூட.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாசியில், ஒரு காலைவேளை, கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. கட்டுமரத்தில் அவனோடு நாங்கள் மூன்று பேர். துடுப்பில் வைத்த காதை வெகுநேரம் அவன் எடுக்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்து, மாமு, சத்தம் போடாத, கீழ என்னத்தான் கூப்ட்டுக்கினு கீறாங்கோ, இன்னான்னு கேட்டுட்டு வர்றேன் என்று சொல்லி, துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் தெறிக்காமல் இறங்கினான். அவன் கேட்பது கெட்டுவிடக் கூடாது என்று நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் எங்களில் ஒருவன் அழத் தொடங்கினான். நான் அந்தத் துடுப்பில் காதை வைத்துப் பார்த்தேன். கத்தாழைகூடக் கத்தவில்லை. உடம்பு எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

கையை நீட்டியிருந்தால் அவன் தலைமயிர் எட்டியிருக்கும். புத்திசாலி ஆயிற்றே, அவனுக்குத் தெரியாததா என்று சும்மா இருந்தேன். இத்தனை வருஷமாக உன் அம்மா இதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. உன் கடிதம் வந்த அன்றுதான் கேட்டாள், இந்த வாட்டியும் குந்திக்கினே இருக்கப் போறியா என்று. சனிக்கிழமை கல்கத்தா மெயிலில் ஏறுகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து நில், வராவிட்டால் விசாரித்துக்கொண்டு உன் அறைக்கே வருவேன். தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு கண்ணு, நான் வந்து சேரும்வரை அதைத் தொடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. தாமோதரன்