தையல் அறையில் ஒரு ஸ்டூடியோ

செல்ல மகளுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான், அப்பா, தையல் மெஷின் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா, உன் இருமல் நின்றதா, வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொண்டு போகிறாயா. தினமும் பேசிக்கொள்கிற காலத்தில் இந்த அம்மாவுக்குக் கடிதம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் என்றால் அது பொதுக்கூட்டம் அல்லவா. நீ கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தை முழுதாக ஏற்றி, கூடத்து மேஜையில் வைத்துவிடுகிறார். போன மாதம் நீ மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொண்டது எனக்குப் புரிவதற்கு முன்னால் மாடிவீட்டுக்காரிக்குப் புரிந்துவிட்டது. அப்பாவைப் பற்றி அவருக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும். இப்போது காய்கறிக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றதும் மாண்டலினை வீட்டிலேயே பதிவு செய்யப்போவதாக அவர் கிளம்பியது உனக்குத் தெரியும். போனே போதும்ப்பா என்று நீ சொன்னாய், யார் கேட்டார்கள். போன் பேசறதுக்கும்மா, வாசிக்கறதுக்கு இல்ல என்றுவிட்டார். முதலில் அறை தேடும் படலம். ஒவ்வொரு அறையாகப் போய்க் கையைத் தட்டிப் பார்த்தார். கூடத்தில் எதிரொலி, குளியலறையில் அதைவிட எதிரொலி, என் தையல் அறையில் மட்டும் தட்டிய சத்தம் அங்கேயே அடங்கிவிட்டது. சுற்றிலும் தொங்குகிற துணியெல்லாம் சத்தத்தைக் குடித்துவிடுமாம். இந்த வீட்டிலேயே நல்ல ரூமை இத்தனை வருஷமா உனக்கு விட்டுக்குடுத்திருக்கேன் பாரு என்று என்னிடமே சொல்லிக்கொண்டு மைக் ஸ்டாண்டைக் கொண்டுவந்து நட்டுவிட்டார். அடுத்து மைக். இசைக்கடைக்காரர் நல்ல மனிதர், இரண்டு வகையை எடுத்து வைத்து விளக்கினார். ஒன்று எறும்பு ஊர்ந்தால்கூடப் பிடித்துவிடும், மற்றொன்று வாய்க்கு நேரே வைத்தால்தான் கேட்கும், நம்மைப் போன்ற வீட்டுக்கு இரண்டாவதுதான் சரி என்று அவரே சொன்னார். அப்பா எறும்பைத்தான் வாங்கினார். அது மாண்டலினையும் பிடித்தது, என் கத்தரிக்கோலையும் பிடித்தது, மாடியில் நாற்காலி இழுப்பதையும் பிடித்தது. ஒரு பாட்டின் நடுவில், இந்தம்மாவுக்கு இடுப்பு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலியே என்று நான் முணுமுணுத்தது துல்லியமாக விழுந்திருந்தது. அதை அவர் கூடத்தில் போட்டுக் கேட்ட நேரத்தில் அந்தம்மா உடுப்பு வாங்க வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மறுநாளே மைக் மாறியது.

அப்புறம் கணினிக்குள் போடுகிற மென்பொருள். அதற்குத்தான் அதிக அலைச்சல். இலவசமாகக் கிடைத்தது ஒன்று, வெறும் கோடும் கட்டமுமாகப் பார்க்கச் சப்பென்று இருக்கும். சில நாள் சும்மா கொடுத்துப் பிறகு காசு கேட்கிற இன்னொன்றில் திருகும் குமிழ்களும் ஆடும் முட்களுமாகப் பட்டறை மெஷினைப் போலவே ஒரு படம். விழுந்துவிட்டார் மனிதர். முள்ளு ஆடினாத்தான் எனக்கு நம்பிக்கை வருது என்றார். அது ஒருநாள் பாட்டின் நடுவிலேயே பூட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் இலவசத்துக்கே திரும்பினார். எனக்குத் தெரிந்தவரை இரண்டிலும் விழுந்தது ஒரே சத்தம்தான். இதையெல்லாம் கேட்டு நீ சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன், சிரித்துவிட்டு மேலே படி.

எதை மாற்றினாலும் அவருக்கு ஒரே குறை. மந்தமா இருக்கு, போர்வைக்குள்ளேருந்து வாசிக்கற மாதிரி இருக்கு என்பார். என் துணிகளைக் குறை சொன்னார், ஒயரை, ஹெட்ஃபோனை, மென்பொருளை, யாரையும் விட்டுவைக்கவில்லை. மெல்லிய உச்சச் சத்தத்தை மட்டும் ஏற்றிக் கொடுக்கிற குமிழ் ஒன்று அதில் இருக்கிறது, அதை ஏற்று ஏற்று என்று ஏற்றினார். அப்படி ஏற்றியவைதான் உனக்கு அனுப்பியதெல்லாம். நீயும் ஒவ்வொன்றுக்கும் சூப்பர்ப்பா என்று போட்டாய். உன்னை மட்டும் சொல்வானேன், நானும் மெஷினை ஓட்டிக்கொண்டே நல்லாருக்கு நல்லாருக்கு என்றவள்தான்.

இதற்கிடையில் என் மெஷின் சக்கரம் கீச்சிட ஆரம்பித்தது. எண்ணெய் விடுங்கள் என்றால், எங்க கத்துது, நல்லாத்தானே ஓடுது என்கிறார். தெருக்கோடியில் வண்டி வரும்போதே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிற மனிதர், வேலைக்குச் சோம்பிக்கொண்டு நழுவுகிறார் என்று நன்றாகத் திட்டினேன். ஒருநாள் அவசரத் தையல், மெஷினைப் பக்கத்து அறைக்கு நகர்த்திக் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தேன், அவர் இந்தப் பக்கம் பதிவு செய்தார். முடித்துவிட்டு, துளி இரைச்சல் இல்ல, கேளு என்று ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினார். அவர் குமிழை ஏற்றி வைத்திருந்ததில், கதவைத் தாண்டிப் பாட்டு நெடுக என் மெஷினின் கீச்சு. அந்தக் கீச்சு கேக்கலையா என்றேன். எந்தக் கீச்சு என்றார். பழி ஹெட்ஃபோன் தலையில் விழுந்தது. மறுநாள் என்னையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார்.

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் பெரிய ஸ்பீக்கரில் ஒரு சத்தத்தைப் போட்டார். ஊளை மாதிரி கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். நானும் சேர்ந்து மூணு பேரும் கண்ணை மூடிக்குவோம், கேக்கற வரைக்கும் விரலைத் தூக்கி வைப்போம், நின்னதும் இறக்கிடுவோம் என்றார். எனக்கு அது ஊசி மாதிரி மெலிந்து மெலிந்து போய்க்கொண்டே இருந்தது. பாதியில் அப்பா, முடிஞ்சுதா என்று கேட்டார். கண்ணைத் திறந்தால் அவர் விரல் மட்டும் மடியில் இருக்கிறது. அவர் என் விரலைப் பார்த்தார், கடைக்காரர் விரலைப் பார்த்தார், இரண்டும் இன்னும் மேலேயே நிற்கின்றன. நான் சட்டென்று இறக்கியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லையடி. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாண்டலினைப் பெட்டியில் வைத்து அலமாரி உச்சியில் போட்டுவிட்டார். சாப்பிடும்போது மட்டும் ஒன்று கேட்டார். அவளுக்கு முன்னாடியே தெரியுமா, பாவம் பாத்துத்தான் ஒவ்வொரு தடவையும் சூப்பர்னு சொன்னாளா என்று. அதெல்லாம் இல்லை என்றேன். எனக்கு என்ன தெரியும். நீ முழுக்கக் கேட்டாயோ, வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஆரம்பத்தை மட்டும் கேட்டுவிட்டு நல்ல பிள்ளையாகப் போட்டாயோ, அது உனக்குத்தான் வெளிச்சம். உன்மேல் கோபம் இல்லை. அவர் அப்படிக் கேட்டதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காது டாக்டரிடம் போய்வந்தோம், பயப்படாதே. பட்டறை இரைச்சல் செய்த வேலையாம். பேச்சு ஓரளவு கேட்கும், உச்சத்தில் இருக்கிற மெல்லிய சத்தங்கள்தான் போய்விட்டன, போனது வராது, கருவி வைத்தால் உதவும் என்றார். அளவு கொடுத்திருக்கிறோம். மாண்டலின் வாசிக்கலாமா என்று அப்பா குழந்தை மாதிரி கேட்டார். வாசிக்கறதுக்கு என்ன சார் தடை என்று டாக்டர் சிரித்தார். அப்படியும் அலமாரியிலிருந்து பெட்டி இறங்கவில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன், பிறகு நானே ஸ்டூலைப் போட்டு ஏறி இறக்கி அவர் மடியில் வைத்தேன். நீங்க வாசிங்க, குமிழை நீங்களே திருகுங்க, எங்க நிறுத்தணும்னு நான் சொல்றேன் என்றேன். ஹெட்ஃபோன் என் தலையில். நான் போதும் என்ற இடம் அவருக்குச் செத்துப்போனதாகத் தோன்றியது. தையல்காரிக்குப் பாட்டு என்ன தெரியும் என்றார், லேத்காரருக்குத் தெரிகிற அளவு தெரியும் என்றேன். ஆளுக்கு ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம், சமாதானமானோம், ஒரு பாட்டு முடிந்தது. அவரே கட்டிய மெட்டு. நிஜமாகவே நன்றாக இருக்கிறது, இந்தத் தடவை மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுத்தான் சொல்கிறேன்.

அதில் ஓரிடத்தில் விரல் தவறிவிட்டது. திரும்ப வாசியுங்கள் என்றேன், வேண்டாம் என்றார். இருக்கட்டும், அவ கண்டுபிடிக்கறாளா பாப்போம், குறை சொன்னான்னா முழுசா கேட்டிருக்கான்னு அர்த்தம் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். ஞாயிற்றுக்கிழமை உனக்கு அனுப்பப்போகிறார்.

கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. பாட்டு வந்ததும் வண்டியில் போகும்போது கேட்காதே, உட்கார்ந்து கேள். அவர் தவறிய இடம் எது என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். எழுதப்போவதில்லை.

உன் பதிலை ஸ்பீக்கரில் கேட்கக் காத்திருக்கும்,
அம்மா