நசீர் நானா கை நீட்டிய வேகம்

14 யூலை, ஞாயிறு

இன்று நான் சமன் கேட்டிருக்கக் கூடாது.

எங்கள் செஸ் கழகத்தில் நசீர் நானாவை வெல்வது லேசில்லை. ஓட்டமாவடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஒரு காயை நகர்த்தப் பத்து நிமிடம் யோசிப்பார். நான்கு வருடமாக அவரிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். இன்று ஆட்டம் இழுபட்டது. இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்று நினைத்து, "சமனா முடிப்பமா நானா?" என்று கேட்டேன்.

"ஓம் தங்கச்சி, முடிப்பம்." நான் கேட்டு முடிக்கும் முன்பே கை நீட்டிவிட்டார்.

குருக்கள்மடத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், ஆட்டத்தை எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆரையம்பதி தாண்டும்போது தெரிந்தது. என் கோட்டைக் காயை அவர் வெட்ட நான் விட்டிருந்தால், அடுத்ததாக என் குதிரை அவருடைய ராசாவையும் ராணியையும் ஒன்றாகப் பிடித்திருக்கும். அதன் பிறகு அவருக்கு ஆட்டமே இல்லை.

வீட்டில் இவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். "அவரோட சமன் எண்டா பெரிய விசயம்தானே," என்றார்.

"வெல்ல இருந்த ஆட்டமப்பா," என்றேன். சோறு இறங்கவில்லை.

படுத்த பிறகுதான் அந்தக் கை நினைவுக்கு வந்தது. பத்து நிமிடம் யோசிக்கிற மனிதர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் குதிரையை எனக்கு முன்பே பார்த்திருக்கிறார். பயந்திருக்கிறார், என்னிடம். எழும்பி வந்து இதை எழுதுகிறேன். சிரிப்பாக இருக்கிறது.

அடுத்த முறை அவர் சமன் கேட்கட்டும். நானும் பத்து நிமிடம் யோசிப்பேன்.