ஜெனி கணக்கு வகுப்பில் கடைசியாக இருந்த வருடம்

என் ஸ்டெல்லாம்மா,

நீ இல்லாமல் இரண்டாவது ஈஸ்டரும் வந்து போய்விட்டது. நம் பிளானோ ஊரில் இப்போதே வெயில் சுட ஆரம்பித்துவிட்டது. கோவிலில் நாம் வழக்கமாக உட்காரும் வரிசையில்தான் நானும் ஜெனியும் உட்காருகிறோம். நடுவில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்காருகிறாள் அவள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

உன் மகள் ஏழாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். உன் செருப்பு அவளுக்குச் சரியாக இருக்கிறது. இந்த வருடம் அவளுக்கு என்ன நடந்தது என்பதை உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் மார்க்கைத்தான் கேட்பார்கள்.

கணக்கில் அட்வான்ஸ்ட் வகுப்பில் அவளைச் சேர்த்தபோது நீ இருந்தாய். நீ போன பிறகு ஒரு வருடம் அவள் பள்ளிக்குப் போனாளே தவிர, மனசு போகவில்லை. அதன் விளைவு இந்த வருடம் தெரிந்தது. அக்டோபரில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஜெனிதான் வகுப்பில் கடைசி, சாதாரண வகுப்புக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டார். குழந்தை ஏற்கெனவே நிறையத் தாங்கிக்கொண்டிருக்கிறாள் என்றார். நல்ல மனுஷி. எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

திரும்பும் வழியில் காரில் சொன்னேன். "மாறிடலாம்டா. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், தட்டுத் தடுமாறித் தமிழில் பேசினாள். "அம்மா செத்துட்டாங்கன்னு எல்லாரும் எனக்கு ஈஸியா குடுக்கிறாங்க. எனக்கு ஈஸி வேணாம்ப்பா."

டோல்வே நெடுஞ்சாலையில் இறங்க வேண்டிய எக்ஸிட்டை நான் விட்டுவிட்டேன். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி வண்டியைத் திருப்பினேன். பிறகு, கடைசியாக இருந்தாலும் பரவாயில்லை, இந்தக் கணக்கு தனக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். டீச்சருக்கு நான் மெயில் எழுதக் கூடாதாம், தானே போய்ப் பேசிக்கொள்வாளாம். பேசினாள். டீச்சரும் சரி என்றார்.

ஆனால் எப்படிப் படிக்க வைப்பது? நம் விமலா கோவில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ட்யூஷன் சென்டர்ல போடுங்கண்ணா. ஸ்கூல் விட்டதும் தினம் போகட்டும், சனிக்கிழமையும் போகட்டும். எங்க வீட்ல ரெண்டும் அப்படித்தான் மேல வந்துச்சு." அவள் அக்கறையில்தான் சொன்னாள். நானும் சென்டருக்குப் போன் போடுவதாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் ஞாபகம் வந்தது.

நீ இங்கே நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதினாயே, அந்த நாட்கள். அப்போது நமக்கு அந்தச் சின்ன அபார்ட்மென்ட். ஜெனி கைக்குழந்தை. மருந்துப் பெயர்களையெல்லாம் அவளுக்குக் கதை மாதிரி ராகம் போட்டுச் சொல்லுவாய். அவள் சிரித்தால் அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்லுவாய். எவ்வளவு பாடம் பாக்கி இருந்தாலும் நேரத்தோடு படுத்துவிடுவாய். நான் கேட்டால், "தூங்காத தலையில எதுவும் தங்காதுங்க" என்பாய். சாயங்காலம் அவளைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு சுற்று நடக்காமல் புத்தகத்தைத் தொட மாட்டாய்.

அவ்வளவு படித்தும் முதல் முறை ஃபெயில். அன்றைக்கு நீ வந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போய் ரவையை வறுக்க ஆரம்பித்தாய். "ஃபெயிலானதுக்கு யாராவது கேசரி கிண்டுவாங்களா?" என்றேன். "பசிக்குதுங்க" என்றாய். கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதாய். அழுது முடித்ததும் எதெல்லாம் வரவில்லை என்று என்னிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாய். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. என்னிடம் சொல்லச் சொல்ல உனக்குப் புரிந்துகொண்டிருந்தது.

நானும் ஜெனியும் இந்த வருடம் அந்த வழியையே பிடித்துக்கொண்டோம். காலையில் பள்ளி தொடங்கும் முன்பே டீச்சர் உதவிக்கு உட்காருவார், அதற்குச் சீக்கிரமே கொண்டுபோய் விடுவேன். மாலையில் முதலில் சைக்கிள். பிறகு நான் வெங்காயம் நறுக்க, அவள் எதிரே உட்கார்ந்து அன்றைய பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். போன் ஹாலில் கிடக்கும். எங்கே முட்டி நிற்கிறதோ அங்கே நிறுத்திவிட்டு, மறுநாள் டீச்சரிடம் கேட்பாள். தூக்கத்தில் மட்டும் கை வைப்பதில்லை.

எனக்குத்தான் கஷ்டம் ஸ்டெல்லா. விடை என் நாக்கு நுனியில் நிற்கும். சொல்லக் கூடாது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் பேனாவை எடுத்துவிட்டேன். "அப்பா, கைய எடுங்க" என்றாள். எடுத்துவிட்டேன்.

இவ்வளவும் செய்து, கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் வந்த டெஸ்டில் முன்னைவிடக் குறைவு. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் வெளியே கார்பெட்டில் உட்கார்ந்திருந்தேன். தட்டலாமா? உள்ளே போய்க் கட்டிக்கொள்ளலாமா? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? இப்போதும் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவளே கதவைத் திறந்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. "பசிக்குதுப்பா" என்றாள்.

கேசரி கதையை நான் அவளுக்குச் சொன்னதே இல்லையே, ஸ்டெல்லா. இதெல்லாம் எந்த வழியாகப் பிள்ளைக்குப் போகிறது?

தோசை வார்த்தேன். சாப்பிட்டு முடித்துவிட்டு அந்தப் பேப்பரை மேஜையில் விரித்து, எங்கே தவறினாள் என்று தேட ஆரம்பித்தாள். அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

இப்போது அவள் கடைசி இல்லை. முன்வரிசையிலும் இல்லை. போன வாரம் டீச்சர் சொன்னது வேறு. புரியவில்லை என்று வகுப்பில் முதலில் கை தூக்குகிறவள் ஜெனிதானாம். அவள் தூக்குவதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் இப்போது தைரியமாகக் கேட்கிறார்களாம். எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன் என்று டீச்சர் சிரித்தார். விமலாவிடம் இதைச் சொன்னேன். "அது சரிண்ணா, கிரேடு என்ன?" என்றாள். உனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

இன்னொரு செய்தி. கோடையில் ஒரு கேம்புக்குப் போக வேண்டும் என்கிறாள். ஏரிக்கரையில், வீட்டைவிட்டு இரண்டு வாரம். கயாக் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நீச்சல் சுமாராகத்தான் வரும் உன் மகளுக்கு. நான் ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டே போனேன். தண்ணீர் என்றேன், கொசு என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் போயிட்டா நீங்க ஓகேவா இருப்பீங்களாப்பா?" என்று கேட்டாள்.

இந்த வீட்டில் நான் தனியாக இருந்ததே இல்லை. இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். போகட்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளைக் கேம்பில் இறக்கிவிட்டு, கண்ணீரைக் காட்டாமல் காரை எடுப்பேன். சாப்பாட்டிலும் தூக்கத்திலும் ஏமாற்ற மாட்டேன். எப்படி இருக்கிறாள் என்று கேம்புக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்க மாட்டேன். முதல் இரண்டு நாள் எனக்கு ஒழுங்காக வராது, அது தெரியும். ஆனாலும் தேறிவிடுவேன்.

உன் வீட்டுக்காரன்,
ஜெனியின் அப்பா,
அருள்